ஜி.எம். கொடுத்த ரிப்போர்ட்

என்னை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வி, "ஹைட் என்ன?" என்பதுதான். டெக்சஸின் இர்விங்கில் அந்தக் காலத்தில் புதிதாக வந்திறங்கிய தமிழனிடம் யாரும் இப்படி ஆரம்பிக்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தக் கம்பெனி, ஜாவாவா மெயின்ஃப்ரேமா என்று அதற்கொரு வரிசை உண்டு. நான் அழுக்குத்துணி மூட்டையோடு அபார்ட்மென்ட் லாண்ட்ரி ரூமில் நின்றிருந்தேன். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு நேராக ஹைட்டுக்குப் போனார்.

"அஞ்சு ஒம்போது சார்."

"ஷூவைக் கழட்டு."

ஏன் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. வாஷிங் மெஷின் பக்கத்தில் என்னை நிற்கவைத்துக் கண்ணாலேயே அளந்தார்.

"அஞ்சு எட்டு. எல்லாரும் ஷூவோடதான் அளந்து சொல்றாங்க. பரவால்ல, வெயிட் குறைச்சா ஓடுவே. சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. அன்று அவர் வீட்டில் சாப்பிட்டேன். அதற்குப் பிறகும் அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். வில்லிவாக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய வயது, என் தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் உயரம். லாஸ் கொலினாஸில் ஓர் ஆபீசில் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய ப்ரோகிராமில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்கிற உத்தியோகம். அவருக்காகவே செய்து வைத்தது போன்ற வேலை அது.

இந்த மனிதரின் வாயால் என் கல்யாணம் ஒரு வாரம் அந்தரத்தில் தொங்கியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதைச் சொன்னால், யாரோ வில்லன் என்று நினைத்துவிடுவீர்கள்.

அவருக்கு பாஸ்கெட்பால் பைத்தியம். டெக்சஸில் அது அதிசயமில்லை. ஆனால் மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். இவர் பந்தைப் பார்க்கவே மாட்டார். டி.வி.யில் எவனாவது பறந்துபோய்க் கூடைக்குள் பந்தைத் திணித்து நாங்கள் எல்லாரும் கத்தும்போது, இவர் ஸ்கிரீனின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, "அங்க பாரு, பெஞ்ச்ல மூணாவதா உட்கார்ந்திருக்கான் பாரு, அவனைத்தான் நம்ம டீம் கொடுத்திருக்கக் கூடாது" என்பார். ஆட்டக்காரனும் கோச்சும் அவருக்குப் பொருட்டே இல்லை. மேலே ஒரு கண்ணாடி அறையில் கோட்டு போட்டுக்கொண்டு, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்கிற ஜெனரல் மேனேஜர் ஒருவன் இருப்பானே, அவன்தான் இவருக்கு ஆட்டம். "பந்தை யார் வேணா போடலாம்டா. யாரை வெச்சுப் போடறதுங்கறதுதான் மேட்டர்" என்பார். அதனால்தான் எங்கள் அபார்ட்மென்ட்டில் எல்லாருக்கும் அவர் ஜி.எம். அவர் மனைவிகூட, "ஜி.எம். குளிக்கறாரு, அப்புறம் வா" என்றுதான் சொல்வார். சனி, ஞாயிறுகளில் எங்களைப் பக்கத்து பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய் ஆடவிட்டு, ஓரத்தில் நின்று ஒவ்வொருவரையும் எடை போடுவார்.

பிப்ரவரியில் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிற நாளில் ஆபீசுக்கு லீவு போட்டுவிடுவார். ஜூனில் டிராஃப்ட் அன்று வீட்டில் வடை பாயசம். காலேஜ் பையன்களை ஒவ்வொரு டீமும் இரண்டு ரவுண்டாக வரிசையாக எடுக்கும் நாள் அது. பெரும்பாலும் போன வருஷம் மோசமாகத் தோற்ற டீம்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. "உலகத்துலயே தோத்தவனை முதல்ல கூப்பிடற ஒரே பந்தி இதான்" என்று பூரித்துப் போவார். ஐரோப்பாவிலிருந்து வந்து ஆடுகிற பையன்கள் மேல் அவருக்குத் தனிப் பாசம். அவர்களை ஹெச்-ஒன் பசங்க என்பார். "அவனும் நம்மள மாதிரி விசா ஸ்டாம்ப் பண்ணிட்டு வந்தவன்தான். பாரு, வேலையை ஒழுங்கா பார்க்கறான்."

ஏழடி ஆளைக் கண்டு மயங்காதே, பெரிய பெயருக்காகப் பழைய முட்டியை வாங்காதே, பெஞ்ச்சில் நல்ல மாற்று ஆள் இல்லாத டீம் ஏப்ரலில் படுத்துவிடும். இவை அவர் கொள்கைகள். கொள்கையை டி.வி.யோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊரில் நல்ல பெயர் எடுத்திருப்பார்.

பொங்கல் பாட்லக்கிற்கு யார் என்ன செய்வது என்று பேசக் கிளப் ஹவுஸில் கூடியிருந்தோம். ஒரு ஆன்ட்டி ஆசையாக, "நான் வழக்கம்போல சாம்பார்" என்றார். ஜி.எம். கையைத் தூக்கினார்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சாம்பார் முதல்ல களத்துல இறங்கற ஸ்டார்ட்டர் இல்ல. அது பெஞ்ச்லேர்ந்து வரட்டும். முதல் சாம்பார் தீர்ந்துடுச்சுன்னா இறக்கலாம். உங்க தயிர்வடை இருக்கே, அது ஆல்-ஸ்டார். அதை விட்டுட்டு ஏன் இதைப் பிடிச்சுத் தொங்கறீங்க?"

ஆன்ட்டி இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. தயிர்வடை மட்டும் கொண்டுவந்தார். அந்தப் பொங்கலில் முதலில் காலியான சட்டி அதுதான்.

எங்கள் ஃபிளாட்டில் நாங்கள் நாலு பிரம்மச்சாரிகள். மூன்று பேருக்குச் சமைக்கத் தெரியும், ஒருவரிடமும் கார் இல்லை. எங்களுக்கும் மேலே, மாடி ஃபிளாட்டில் மூன்று கார், அடுப்பு பற்றவைக்க ஆளில்லை, பிரெட்டைத் தின்று நாக்கு செத்துக் கிடந்தார்கள். ஜி.எம். இரண்டு வீட்டையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ரோஸ்டரைக் கட்டற லட்சணமாடா இது?" ஒரே வாரத்தில் எங்கள் வீட்டு சேலத்துக்காரனை, அருமையாக ரசம் வைப்பவனை, மாடிக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரு காரும் அதன் சொந்தக்காரனும் கீழே வந்தார்கள். அதோடு மாடிக்கு ஊரிலிருந்து அடுத்து யார் வந்தாலும் அவர் கொண்டுவரும் ஊறுகாயில் முதல் பாட்டில் எங்களுக்கு. "ஃப்யூச்சர் பிக்" என்று விளக்கினார். சேலத்துக்காரன் முதலில் முறைத்துக்கொண்டான். பிறகு அங்கே அவனை ராஜா மாதிரி வைத்துக்கொண்டார்கள்.

யாரைப் பற்றிக் கேட்டாலும் அவரிடமிருந்து ரிப்போர்ட்தான் வரும். நல்லது இரண்டு, கெட்டது இரண்டு, ஒளிவுமறைவு கிடையாது. தன் மனைவியையே, "இவளை செகண்ட் ரவுண்டுலதான் எடுத்தேன்" என்று நாலு பேர் நடுவில் சொன்னவர். அக்கா கரண்டியோடு வந்து நின்றதும், "செகண்ட் ரவுண்டுல இப்படி ஒருத்தி கிடைக்கறதுதான்டா ஜி.எம்.முக்குத் திறமை. அதைப் புகழ்ச்சின்னு புரிஞ்சுக்க மாட்டேங்கறா" என்று எங்களிடம் நியாயம் கேட்டார். நாங்கள் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாட்காம் கம்பெனிகள் சரிந்து, எங்கள் தொழிலே ஆட்டம் கண்ட சமயம். என் ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்தது கிடைக்கவில்லை. இப்படி வேலையில்லாமல் கம்பெனியின் பெயரில் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு எங்கள் பாஷையில் பெஞ்ச் என்று பெயர். மற்றவர்கள் "எல்லாம் சரியாயிடும்" என்றார்கள். இவர் மட்டும், "இன்டர்வியூல கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம கேக்காததுக்கு சொல்ற. அதை ஃபிக்ஸ் பண்ணு. பெஞ்ச்ல இருக்கறது அவமானம் இல்ல. பெஞ்ச்லேர்ந்து எழுந்து வந்து என்ன பண்றேங்கறதுதான் மேட்டர்" என்றார். ஒவ்வொரு சாயங்காலமும் என்னைக் கூப்பிட்டுச் சோறும் போட்டார்.

அந்த நேரம் பார்த்து என் கல்யாணப் பேச்சு சூடுபிடித்தது. பெண் மதுரை. கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறவள். போட்டோ பார்த்து, இரண்டு தடவை போனில் பேசி, நான் மனதை மொத்தமாகக் கொடுத்துவிட்டிருந்தேன். அவளுடைய அப்பா ஜில்லா கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜட்ஜுக்குக் கீழே ஆபீசைக் கட்டி மேய்க்கிற பதவி. அவருக்கு யாராவது பெரிய மனிதர் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் என் அம்மா யோசிக்கவே இல்லை. வாராவாரம் நான் போனில், "ஜி.எம். வீட்டுல சாப்பிட்டேன், ஜி.எம். சொன்னார்" என்று சொல்லிச் சொல்லி, என் கம்பெனியின் ஜெனரல் மேனேஜரே எனக்குச் சோறு போடுவதாக அம்மா நினைத்திருந்தாள். "ஜி.எம்.கிட்டயே பேசுங்களேன், எம்புள்ள மேல அம்புட்டு உசுரு" என்று நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு விஷயம் தெரிந்தபோது சனிக்கிழமை காலை. இன்னும் அரை மணியில் போன் வரப்போகிறது. கீழே ஓடினேன்.

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பெஞ்ச்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க. வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"

"கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

"கேக்க மாட்டாங்க."

"அப்போ ஏன் பயப்படற?"

போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். நான் சோபாவில் சுருண்டு உட்கார்ந்தேன்.

"ஜி.எம். சாருங்களா? வணக்கம் சார். மதுரையில இருந்து பேசுறேன். பையனைப் பத்தி ரெண்டு வார்த்தை கேக்கலாம்னு…"

"வணக்கம் சார். தாராளமா கேளுங்க. ஹைட்டு அஞ்சு எட்டு. அவன் அஞ்சு ஒம்போதும்பான், நம்பாதீங்க."

"அது கெடக்கட்டும் சார். ஆளு எப்பிடி?"

"நான் அவனைக் கோர்ட்ல வெச்சுப் பார்த்திருக்கேன் சார். ஒரு மனுஷனோட குணம் கோர்ட்லதான் தெரியும்."

 மறுமுனையில் அந்தக் குரல் இளகிவிட்டது. "ஆகா. முப்பது வருசமா நான் சொல்றதைச் சொல்லிப்புட்டீங்க சார். கோர்ட்டுக்கெல்லாம் வருவாரா பையன்?"

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும். நான்தான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்கிட்டு சனி ஞாயிறும் கோர்ட்டு உண்டா!"

"லைட்டு போட்டு எட்டு மணி வரைக்கும் உண்டு சார். டிஃபென்ஸ் நல்லாப் பண்ணுவான். சின்சியர். அஃபென்ஸ்னு பார்த்தா பெருசா ஒண்ணும் கிடையாது. அதை ஒத்துக்கறேன்."

"அஃபென்ஸ் ஒண்ணும் இல்லைன்னா அதைவிட என்ன சார் வேணும்!"

ஜி.எம். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆளுக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பந்தைக் கூடையில் போடாவிட்டாலும், எதிராளியைத் தடுக்கிற டிஃபென்ஸ் தெரிந்தால் போதும் என்று சொல்கிற மனிதரை அவர் அதுவரை டெக்சஸிலேயே பார்த்ததில்லை.

"இப்ப என்ன நெலமையில இருக்காரு சார்?"

நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

"பெஞ்ச்ல இருக்கான் சார்."

என் கல்யாணம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பெஞ்ச்லயா!" என்றார் மதுரைக்காரர். "இந்த வயசுலயா?"

"இப்பல்லாம் சின்னப் பசங்களைத்தான் சார் முதல்ல பெஞ்ச்ல உட்கார வெக்கறாங்க. ரெண்டு மாசமா உட்கார்ந்திருக்கான். கூடிய சீக்கிரம் கூப்பிட்டுடுவாங்கன்னு நினைக்கிறேன்."

"ரொம்ப சந்தோசம் சார். ரொம்ப ரொம்ப சந்தோசம்."

மறுநாள் அம்மா போனில் குதித்தாள். "ஏன்டா, உன்னைய ஜட்ஜு மாதிரி உக்கார வச்சிருக்காங்களாம்ல? பெத்தவகிட்ட சொல்ல மாட்டியா?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. மதுரைக்கு ஹைகோர்ட் பெஞ்ச் கட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த ஊரில் பெஞ்ச் என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். கம்பெனியில் ஏதோ விசாரணை கமிட்டியில் என்னை நீதிபதியாக உட்காரவைத்திருப்பதாகப் பெண்ணின் அப்பா நினைத்துவிட்டார். அதையும் ஜெனரல் மேனேஜரே சொல்கிறார். வாரநாளில் பெஞ்ச், வாரக்கடைசியில் கோர்ட், அஃபென்ஸ் என்கிற குற்றம் ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு மாப்பிள்ளை எந்த சிரஸ்தாருக்குக் கிடைப்பான்? நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டாராம்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கீழே போய் ஜி.எம்.மிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கார்டு வெச்சிருக்கியா? ஊருக்குப் போன் பேசற காலிங் கார்டு."

"எதுக்கு சார்?"

"திரும்பக் கூப்பிடணும். முட்டி போன ஆளை முட்டி நல்லா இருக்குன்னு அவங்க நினைச்சு வாங்கினா அந்த ட்ரேடு செல்லாதுடா. அதுக்குத்தான் மெடிக்கல் செக்கப்னு ஒண்ணு வெச்சிருக்கான்."

"நீங்க பொய் சொல்லலையே சார்! அவரா நினைச்சுக்கிட்டார்."

"தெரியாதவரைக்கும் சரி. இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சே."

"சார், இது என் கல்யாணம்!"

"கல்யாணம் உன்னோடது. ரிப்போர்ட் என்னோடது. அந்தப் பொண்ணு இருக்கற வேலையை விட்டுட்டு வந்து இறங்கி, நீ சோபாவுல படுத்திருக்கறதைப் பார்த்து, ஜி.எம். சொன்னாரேன்னு என் மூஞ்சியைப் பார்க்கும். அப்ப நான் என்ன சொல்றது?"

என் வாயில் என்ன வந்ததோ எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு மனுஷங்களே தெரியாது, டி.வி.தான் தெரியும் என்றேன். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அக்கா சமையலறையிலிருந்து, "தட்டு வெச்சுட்டேன், சாப்பிட்டுட்டுக் கோச்சுக்கோயேன்" என்றார். சாப்பிடாமல் மாடி ஏறினேன். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சமைத்ததைத் தின்றேன். எந்த வீட்டிலிருந்து ரசக்காரன் ட்ரேட் ஆகிப் போனான் என்பது நினைவிருக்கட்டும்.

அவர் பேசிவிட்டார் என்று தெரியும். மதுரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. போட்டோவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன், மறுபடி வெளியே எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. பெண்ணின் அப்பாவே.

"தம்பி, அவரு ஜி.எம். இல்லையாம்ல?"

"ஆமாங்க. டெஸ்டர்."

"நீங்களும் பெஞ்சுல உக்காரலையாம். வேலையே இல்லையாம். கோர்ட்டுன்னா ஏதோ பந்து வெளையாடுற எடமாம்."

"ஆமாங்க." 

"நான் கோர்ட்டுல எத்தனையோ சாட்சியப் பாத்தவன் தம்பி. சொன்னதை மாத்திச் சொல்ற சாட்சி எல்லாம் காசு வாங்கிட்டு மாத்துறவன், இல்லைன்னா அடிக்குப் பயந்து மாத்துறவன். எனக்குப் பதவியும் கெடையாது, பையனுக்கு வேலையும் கெடையாது, நீங்க தப்பா நெனச்சுட்டீங்கன்னு கைக்காசு போட்டுக் கூப்பிட்டுச் சொன்ன ஆளை இப்பத்தான் பாக்குறேன். மகளும் அவருகிட்டப் பேசுனா. வேலை இல்லைன்னா சிடுசிடுன்னு இருப்பாரான்னு கேட்டா. 'தெரியலம்மா. இப்ப என் மேல கோவமா இருக்கான். அது நியாயமான கோவம்தான்'னு சொன்னாராம்." அவர் சிரித்தார். "வேலை இன்னிக்கிப் போகும், நாளைக்கி வரும். இப்பேர்ப்பட்ட மனுசன் பக்கத்து வீட்டுல இருக்காருல்ல. அது போதும், புள்ளைய தைரியமா அனுப்பலாம்னு இவ அம்மாவும் சொல்றா. தையில வச்சுக்குவமா?"

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"திட்டறதுன்னா உள்ள வந்து திட்டு. வெளிய வேணாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜி.எம். மட்டும் என் தோளுக்குக் கீழே அசையாமல் நின்று யோசித்தார்.

"அப்போ," என்றார் கடைசியில், "அவங்க உன்னை எடுக்கலைடா. என்னைத்தான் எடுத்திருக்காங்க. உன்னைக் கொசுறாச் சேர்த்திருக்காங்க."

காய்கறிக் கடையில் கொத்தமல்லியை வீசுவது போல அதைச் சொன்னார். நான் கண்ணீரோடு சிரித்துவிட்டேன். இது நமக்குள்ளேயே இருக்கட்டும் சார் என்றேன். அவர் தலையாட்டவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

கல்யாணமான மறுநாள், மதுரையில், புது மாப்பிள்ளைக்கு இலை போட்டு உட்காரவைத்தார்கள். மாமனார் எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார். என் மனைவி அதை எடுத்துவந்து, இலையில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கும் குரலில், "இது கொசுறுக்கு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"கார்டுல இன்னும் ரெண்டு நிமிசம் மிச்சம் இருக்குன்னு உங்க ஜி.எம். அன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிட்டாரே," என்றாள்.